மரிஸ்மா: ஓர் உவர்ச் சதுப்பின் பெயர் வந்த வழி

ஸ்பெயின் நாட்டின் கடற்கரைச் சட்டம் 1988 ஜூலை 28 அன்று இயற்றப்பட்டது. கடலோரத்தில் எந்தெந்த நிலம் பொதுச்சொத்து என்று வரையறுக்கும் அதன் 3-ஆம் பிரிவு, கடலின் ஏற்றவற்றத்தாலோ அலையாலோ கடல்நீர்க் கசிவாலோ மூழ்கும் தாழ்நிலங்களையெல்லாம் பொதுச்சொத்தில் சேர்க்கிறது. அப்படிச் சேர்க்கும்போது அந்நிலங்களை முதலில் நான்கு பெயர்களால் அடுக்குகிறது: மரிஸ்மாக்கள், அல்புஃபெராக்கள், மர்ஹால்கள், எஸ்தேரோக்கள். சிறிய அகராதி ஒன்றைத் துணையாகக் கொண்டு இந்த வரியைத் தமிழாக்க முனைபவர், முதற்சொல்லுக்குச் ‘சதுப்பு நிலம்’ என்று எழுதிவிடலாம். இரண்டாவது சொல்லுக்கு வந்ததுமே கைவசம் வேறு சொல் இல்லாமல் விழிப்பார். நான்கும் சதுப்போடு தொடர்புடையவைதான். ஆனால் நான்கும் ஒன்றல்ல. இரண்டு சொற்கள் இலத்தீன் வழி வந்தவை, இரண்டு அரபு வழி வந்தவை. இக்கட்டுரை முதற்சொல்லாகிய மரிஸ்மாவைப் பற்றியது. மற்றவை அதைப் புரிந்துகொள்வதற்காக இடையிடையே வந்துபோகும்.

சொல்லுக்குப் போகும் முன், அது குறிக்கும் பொருளைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. ஆற்று முகத்திலும் மணல்திட்டுகளின் மறைவிலும் அலையின் வேகம் அடங்கிய இடங்களில், ஓதத்தோடு ஏறிவரும் கடல்நீர் தன்னோடு கொண்டுவந்த நுண்ணிய வண்டலைப் படியவிட்டுத் திரும்புகிறது. நாளுக்கு இருமுறை இது நடக்கும்போது சேற்றுத் திட்டு மெல்ல மெல்ல உயர்கிறது. ஓரளவு உயர்ந்ததும் உப்பைத் தாங்கும் செடிகள் அதில் வேரூன்றுகின்றன. அச்செடிகளின் தண்டுகள் நீரோட்டத்தை மேலும் தணிப்பதால் வண்டல் மேலும் படிகிறது. ஆகவே உவர்ச் சதுப்பு என்பது கடலும் செடியும் சேர்ந்து எழுப்பும் நிலம். அதன் தாழ்ந்த விளிம்பு அன்றாடம் இருமுறை மூழ்கும். உயர்ந்த பகுதியை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் மட்டுமே எட்டும். தாழ்ந்த பகுதியில் வளரும் ஒருவகைக் கோரைப்புல், உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுவதால் வெயிலில் அதன் இலைமேல் உப்புப் பொடி மின்னும். உயர்ந்த பகுதியில் இலையே இல்லாதது போன்ற, கணுக்கணுவாகச் சதைப்பற்றுள்ள தண்டுகளைக் கொண்ட செடிகள் புதராகப் படர்ந்திருக்கும். நம் உப்பளங்களின் ஓரத்திலும் கழிக்கரைகளிலும் காணும் உமரியின் நெருங்கிய உறவினங்கள் அவை. உமரித் தண்டைக் கிள்ளி வாயில் இட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த உப்புச் சாற்றின் சுவையை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய நிலத்துக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பொதுப்பெயர் மரிஸ்மா. ‘கடல்நீர் பாய்ந்து மூழ்கும் தாழ்ந்த சதுப்பு நிலம்’ என்பதே அகராதிகள் அதற்குத் தரும் அடிப்படைப் பொருள். ஆனால் அச்சொல்லின் மூலத்தில் சதுப்பும் இல்லை, உப்பும் இல்லை, சேறும் இல்லை. இலத்தீனில் ‘மாரே’ என்றால் கடல். அதிலிருந்து பிறந்த பெயரடை ‘மரித்திமா’, அதாவது ‘கடலைச் சார்ந்த’. ‘ஓரா’ என்றால் விளிம்பு, கரை. இவ்விரண்டும் சேர்ந்த ‘ஓரா மரித்திமா’ என்னும் தொடருக்குக் கடற்கரை என்பதுதான் பொருள். (இந்த ‘ஓரா’ நம்முடைய ‘ஓரம்’ என்ற சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பதைக் கண்டு மனம் துள்ளும். அது தற்செயல் ஒற்றுமை. அதன்மேல் உறவுமுறை கட்ட வேண்டாம்.)

தொடரிலிருந்து சொல் உருவானது இரண்டு படிகளில் நிகழ்ந்தது. முதற்படியில் ‘ஓரா’ என்ற பெயர்ச்சொல் உதிர்ந்து, அடைமொழி மட்டும் எஞ்சிப் பெயராகிவிட்டது. இது உலகத்து மொழிகளிலெல்லாம் நடப்பதே. இனிப்புப் பண்டம் என்பது வெறும் ‘இனிப்பு’ ஆகிவிட்டதால்தான், நம் கல்யாண வீட்டுச் சமையல்காரர் “ரெண்டு இனிப்பு, ஒரு காரம்” என்று பட்டியல் எழுதிக்கொள்கிறார். ஸ்பானியத்தில் இதற்கு அழகான சான்றுகள் உண்டு. சகோதரனைக் குறிக்கும் ‘எர்மானோ’ என்ற சொல், இலத்தீனில் ‘ஒரே குருதியில் பிறந்த’ என்று பொருள்படும் அடைமொழியிலிருந்து வந்தது. ‘சகோதரன்’ என்ற பெயர்ச்சொல் கழன்றுபோக, ‘உடன்பிறந்த’ என்ற அடைமொழியே ஆளைக் குறிக்கத் தொடங்கியது. கல்லீரலைக் குறிக்கும் ‘ஈகதோ’ இன்னும் வேடிக்கையானது. அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்த பறவையின் ஈரல் ரோமானியர்களுக்கு விருந்துணவு. அதில் ஈரல் என்ற சொல் மறைந்து, அத்தியைச் சுட்டிய அடைமொழி மனித உடலின் உறுப்புக்கே பெயராகிவிட்டது. ‘ஓரா மரித்திமா’விலும் கரை கரைந்துவிட்டது; ‘கடலைச் சார்ந்தது’ என்பது மட்டும் நின்றது.

இரண்டாம் படி ஒலி மாற்றம். இலத்தீன் உச்சரிப்பில் இச்சொல்லின் அழுத்தம் ‘ரி’யின்மேல் விழும், அதை அடுத்த ‘தி’யில் உள்ள இகரம் குறுகியது, அழுத்தமற்றது. மக்கள் நாவில் இலத்தீன் ஸ்பானியமாக மாறியபோது, இப்படி நடுவில் நலிந்து கிடந்த உயிரொலிகள் பெரும்பாலும் உதிர்ந்தன. தீவைக் குறித்த ‘இன்சுலா’ ‘இஸ்லா’ ஆயிற்று. கழுதையைக் குறித்த ‘அசினுஸ்’ ‘அஸ்னோ’ ஆயிற்று. உயிரைக் குறித்த ‘அனிமா’ ‘அல்மா’ ஆயிற்று. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். இகரம் போனதும் னகரமும் மகரமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. நாவுக்கு அது இசையவில்லை. னகரம் லகரமாக நழுவியது. மரித்திமாவிலும் அதே கதை. இகரம் உதிர்ந்து ‘மரித்மா’ என்றானபின், தகரத்தையும் மகரத்தையும் அடுத்தடுத்து ஒலிப்பது சிரமமாயிற்று. தகரம் ஸகரமாகிச் சொல் ‘மரிஸ்மா’ என்று நிலைபெற்றது. நாவின் சோம்பல் என்று இதைப் பள்ளி ஆசிரியர்கள் கடிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு மொழி இன்னொரு மொழியாவது பெரும்பகுதியும் இவ்வாறுதான்.

நம் இலக்கண நூல்கள் வடசொற்களைத் தற்சமம் என்றும் தற்பவம் என்றும் பிரிப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. இலத்தீனுக்கும் ஸ்பானியத்துக்கும் இடையிலும் ஏறத்தாழ அதே பாகுபாடு உண்டு. ‘மரிஸ்மா’ மக்கள் வாய்வழி தேய்ந்து வந்த தற்பவம் போன்றது. பின்னாளில் கற்றவர்கள் அதே இலத்தீன் சொல்லை ஏட்டிலிருந்து அப்படியே எடுத்து, ‘கடல்சார்’ என்ற பொருளில் ‘மரீத்திமோ’, ‘மரீத்திமா’ என்று புழங்கவிட்டனர். அது தற்சமம் போன்றது. ஒரே தாய்க்குப் பிறந்த இவ்விரு சொற்களும் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சட்டப் பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அப்பிரிவு வரையறுக்கும் நிலப்பட்டையின் பெயர் ‘மரீத்திமோ-தெர்ரெஸ்த்ரே’, அதாவது கடலும் தரையும் சார்ந்த மண்டலம்; அதற்குள் அடங்குவது மரிஸ்மா. சட்டம் எழுதியவர் இதைக் கவனித்தாரோ இல்லையோ, மூலச் சொல்லுக்குள் அதன் வழிச்சொல்லே குடியிருக்கிறது.

ஸ்பானியம் கற்போருக்கு இங்கே சிறு எச்சரிக்கை ஒன்று. ‘மரிஸ்மா’வின் ஈற்றைப் பார்த்து, ‘கரிஸ்மா’ போன்ற கிரேக்கச் சொற்களின் இனம் என்று எண்ணத் தோன்றும். கிரேக்கத்திலிருந்து வந்த அவ்வகைச் சொற்கள் ஆகாரத்தில் முடிந்தாலும் பெரும்பாலும் ஆண்பால். ஆகவே ‘எல் கரிஸ்மா’. மரிஸ்மாவோ பெண்பால், ‘லா மரிஸ்மா’. உதிர்ந்துபோன ‘ஓரா’ பெண்பாற் சொல்லாக இருந்ததே அதற்குக் காரணம். சொல் மறைந்தும் அதன் பால் மறையவில்லை.

உடன்பிறப்புகள் வெளியூர்களிலும் உண்டு. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் கடலோரத் தாழ்நிலத்துக்கு ‘மரெம்மா’ என்று பெயர். அதுவும் இதே மரித்திமாவின் பிள்ளைதான். அங்கே தகரம் ஸகரமாகாமல் மகரத்துக்குள் கரைந்துவிட்டது. பார்சிலோனாவுக்கு வடகிழக்கே உள்ள ‘மரெஸ்மே’ என்னும் கடலோர மாவட்டத்தின் பெயர் இதன் கத்தலான் வடிவம். இன்று அங்கே போனால் கண்ணில் படுபவை கடற்கரை ஊர்களும் தோட்டங்களும்தான். ஆங்கிலத்தின் ‘மார்ஷ்’ என்ற சொல் நேர்வழியில் இந்தக் குடும்பம் அல்ல. அது ஜெர்மானிய மொழிகளின் வழி வந்தது. ஆயினும் கடலையும் நீர்நிலையையும் குறித்த மிகப் பழைய வேர் ஒன்றில் இலத்தீனின் ‘மாரே’யோடு சேர்கிறது. மாறாக, கூடவே பிறந்தது போலத் தோற்றமளிக்கும் ‘மர்ஹால்’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கும் கடலுக்கும் எந்த உறவும் இல்லை. அது புல்வெளியைக் குறிக்கும் ‘மர்ஜ்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சொல் ஆராய்ச்சியில் முகச்சாயலை நம்பக் கூடாது என்பதற்கு இந்த இணையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனி, ஸ்பானியர் ‘லாஸ் மரிஸ்மாஸ்’ என்று சொன்னதும் அவர்கள் மனத்தில் முதலில் எழும் இடத்துக்குப் போவோம். நாட்டின் தென்மேற்கில், செவில் நகருக்குக் கீழே, குவாதல்கிவிர் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்குமிடத்தில் பரந்து கிடக்கும் சமவெளி அது. அதன் ஒரு பகுதி தொன்யானா தேசியப் பூங்காவாக 1969-இல் அறிவிக்கப்பட்டது. யுனெஸ்கோ அதை 1994-இல் உலகப் பாரம்பரியச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 54,000 ஹெக்டேர் கொண்ட பூங்காவில் பாதியளவு மரிஸ்மாதான். ஆனால் இங்கேதான் சொல்லுக்கும் நிலத்துக்கும் இடையே விரிசல் தெரிகிறது. அகராதி சொல்வதுபோலக் கடல்நீர் பாய்ந்து இந்த மரிஸ்மாவை மூழ்கடிப்பதில்லை. கடலுக்கும் இதற்கும் நடுவே மணல்மேடுகள் நிற்கின்றன. ஆற்றோரத்தில் இயற்கையாக எழுந்த கரைகளும் மனிதர் கட்டிய கரைகளும் ஓதத்தைத் தடுக்கின்றன. இதை நிரப்புவது பெரும்பாலும் மழையும், மழைக்காலத்தில் பெருகும் சிற்றாறுகளும்தான். நாட்டிலேயே புகழ்பெற்ற மரிஸ்மா, கடல் வராத மரிஸ்மா.

ஒரு காலத்தில் கடல் வந்தது. இன்றைய சமவெளி இருக்குமிடத்தில் பண்டைக் காலத்தில் கடலோடு தொடர்புள்ள விரிந்த நீர்ப்பரப்பு இருந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அவியேனஸ் என்ற ரோமானியர் இக்கரையை வருணித்துப் பாடிய இலத்தீன் செய்யுள், இப்பகுதியின் நீர்ப்பரப்பை லிகுஸ்தினஸ் ஏரி என்று குறிப்பிடுகிறது. அச்செய்யுளின் பெயரே ‘ஓரா மரித்திமா’. எந்தத் தொடர் தேய்ந்து மரிஸ்மா ஆனதோ, அந்தத் தொடரையே தலைப்பாகக் கொண்ட நூல், பின்னாளில் மரிஸ்மா என்று பெயர்பெறப்போகும் அதே நிலத்தைப் பாடியிருக்கிறது. அவியேனஸுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னே, கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ தென் ஸ்பெயினின் கழிமுகங்களைப் பற்றி எழுதுகையில் ஒரு செய்தி சொல்கிறார். அங்குள்ள தீவுத்திட்டுகளுக்கு மேயச் செல்லும் மாடுகள் சில வேளைகளில் ஏறிவரும் ஓதத்தில் மூழ்கிப்போகும். சில வேளைகளில் திரும்ப வழியின்றித் திட்டில் சிக்கிக்கொள்ளும். அதனால் பசுக்கள் இதைப் பழகி அறிந்து, கடல் பின்வாங்கும்வரை காத்திருந்து கரைக்குத் திரும்புமாம். புவியியல் நூலில் ஒரு பசு பொறுமையோடு நிற்பதைப் படிக்கும்போது, அன்றைய உவர்ச் சதுப்பு கண்முன் வந்துவிடுகிறது.

பிறகு குவாதல்கிவிர் வண்டலைக் கொட்டிக் கொட்டி அந்நீர்ப்பரப்பைத் தூர்த்தது, வாயில் மணல்திட்டு வளர்ந்தது, கடல் பின்வாங்கியது. ஆனால் கடலின் உப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. கோடையில் நீர் வற்றும்போது அடியிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலேறி, வெடித்த களிமண்மீது வெள்ளைப் பூச்சாகப் படிகிறது. எனவே மழைநீரால் நிறையும் இந்நிலத்தில் கடலோரத்து உப்புச் செடி வளர்வதில் வியப்பில்லை. உமரி இனத்துப் புதர்ச்செடியான அதை அவ்வூரார் ‘அல்மாஹோ’ என்கிறார்கள்.

இந்த மரிஸ்மாவின் மாடுமேய்ப்பவர்களும் பறவை காப்பவர்களும் ‘மரிஸ்மா’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவதில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வானம் தொடும்வரை ஒரே தட்டையாகத் தோன்றும் இந்நிலத்தில், முழக்கணக்கில் மட்டுமே அளக்கத்தக்க ஏற்றத்தாழ்வுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. நீரை வெகுநாள் தேக்கிவைக்கும் ஆழமற்ற பள்ளம் ‘லூசியோ’. ஒளிர்வதைக் குறிக்கும் இலத்தீன் அடைமொழியிலிருந்து வந்த சொல் அது. மற்ற இடமெல்லாம் வற்றியபின் வெயிலில் பளபளத்துத் தெரிவது அப்பள்ளம்தான். பழைய ஆற்றுப் போக்குகளின் தடமாக வளைந்து செல்லும் கால்வாய் ‘கான்யோ’. வெள்ளம் எவ்வளவு வந்தாலும் மூழ்காத நீண்ட மேட்டுக்கு ‘வேத்தா’ என்று பெயர். பாறையில் ஓடும் தாது ரேகைக்கு வழங்கும் அதே சொல், இங்கே நீர்நடுவே ஓடும் நிலரேகைக்கு ஆகிவந்திருக்கிறது. சற்றே உயர்ந்து, சில காலம் மூழ்கிச் சில காலம் வெளிப்படும் இடைநிலத்துக்குப் ‘பசீல்’ என்று வேறொரு பெயர். பள்ளங்களில் முளைக்கும் ஒரு கோரைக்கு ‘கஸ்தன்யுவேலா’, அதாவது சின்னச் செஸ்ட்நட் கொட்டை என்று பெயர். அதன் கிழங்கைத் தோண்டித் தின்னத்தான் குளிர்காலத்தில் வட ஐரோப்பாவிலிருந்து சாம்பல் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. ஒரு முழ உயரத்தில் ஒரு நிலத்தின் பெயரே மாறிவிடுகிறதென்றால், அங்கே வாழ்பவர்களுக்கு அந்த ஒரு முழம் எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் கால்நடை உயிர்தப்பி நிற்பது வேத்தாவின்மேல்தான்.

சொல் இப்பகுதியில் மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இங்கே வளரும் குதிரையினமும் இவ்வூர் மனிதரும் ‘மரிஸ்மேன்யோ’ எனப்படுகின்றனர். ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று, மரிஸ்மாவில் தன்போக்கில் மேய்ந்து திரியும் பெண்குதிரைகளைக் குட்டிகளோடு திரட்டி எல் ரொசியோ சிற்றூர் வழியாக அல்மோந்தே ஊருக்கு ஓட்டிவருகிறார்கள். அந்த எல் ரொசியோவில் நீர்விளிம்பை ஒட்டி நிற்கும் மாதா கோயிலுக்குப் பெந்தகொஸ்தே திருநாளில் பெருந்திரளாக யாத்திரை வருவோர், மாதாவை ‘மரிஸ்மாக்களின் அரசி’ என்று போற்றுகின்றனர். சேற்று நிலத்தின் பெயர் ஒரு தெய்வத் திருப்பெயருக்குள் ஏறிவிட்டது.

ஆற்றின் கரையோரமாக மேலே போனால் மரிஸ்மா என்று பெயர் மட்டுமே உள்ள இடங்களும் வரும். ‘இஸ்லா மயோர்’ என்ற ஊரின் பெயருக்குப் பெரிய தீவு என்று பொருள். ஆற்றின் கிளைகள் சூழ்ந்திருந்ததால் அப்பெயர். இன்று அது ஸ்பெயினின் பெரிய நெல்வயல் பகுதிகளுள் ஒன்று. நன்னீரைத் தேக்கித் தேக்கி மண்ணின் உப்பைக் கழுவிய பிறகே அங்கே நெல் விளைந்தது.

கடல் விட்டுப்போகாத மரிஸ்மாவைக் காண வேண்டுமென்றால் உவெல்வா நகரை ஒட்டிய ஓதியேல் ஆற்று முகத்துக்கோ, நாட்டின் வடகரையில் கந்தாப்ரியாவின் சந்தோன்யாவுக்கோ போகலாம். வடகரையில் ஓதத்தின் ஏற்றவற்றம் பெரிது. ஏறிவரும் கடல்நீரைச் சதுப்பின் ஒரு கையில் மதகு வைத்து அடைத்துக்கொண்டு, கடல் வற்றியதும் திறந்துவிட்டு, பாயும் நீரால் மாவரைக்கும் ஓத ஆலைகள் அங்கே இருந்தன. ஹோயேல் சதுப்பில் உள்ள சாந்தா ஒலாஹா ஆலையை இன்றும் பார்க்கலாம். அரைக்கும் நேரத்தைச் சந்திரன்தான் தீர்மானித்திருக்கும். சந்தோன்யாவின் மரிஸ்மா சட்ட வரலாற்றிலும் இடம்பெற்றது. பறவைகளுக்கு இன்றியமையாத அவ்விடத்தைப் பாதுகாக்கத் தவறியது குற்றம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1993 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயின் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பியப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் படிப்போர் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

இங்கே மற்ற மூன்று சொற்களுக்கும் உரிய இடம் வருகிறது. ஸ்பெயினின் வரைபடத்தில் மரிஸ்மா என்ற பெயர் பெரும்பாலும் அட்லாண்டிக் கரையிலும் வடகரையிலும் காணப்படுகிறது. கிழக்கே மத்தியதரைக் கடலோரம் போனால் அல்புஃபெராவும் மர்ஹாலும் மிகுகின்றன. அரபு ஆட்சியின் செல்வாக்கு மட்டுமே இதற்குக் காரணமல்ல, நீரும் காரணம் என்பது என் எண்ணம். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது. அங்கே கடல் தினமும் ஏறிவந்து சதுப்பை நிரப்புவதில்லை. மணல்திட்டு கடலை அடைத்துக்கொள்ள, உட்பக்கம் ஊற்றுநீரும் மழைநீரும் தேங்கிக் காயல் உண்டாகிறது. அதுதான் அல்புஃபெரா, கடலைக் குறிக்கும் ‘பஹ்ர்’ என்ற அரபுச் சொல்லின் குறுமை வடிவமான ‘புஹைரா’, அதாவது சின்னக் கடல், ‘அல்’ என்ற முன்னொட்டோடு சேர்ந்து ஸ்பானிய நாவில் இப்படி ஆயிற்று. அரபு ஹகரம் இங்கே ஃபகரமாகியிருக்கிறது. வலென்சியா நகருக்குத் தெற்கே இருப்பது இவற்றுள் பெயர்பெற்றது. முர்சியாவில் உள்ள பெரிய உவர்க்காயலை ஸ்பானியர் தம் சொந்தச் சொற்களிலேயே ‘மார் மெனோர்’ என்கிறார்கள். அதற்கும் சின்னக் கடல் என்றுதான் பொருள். அக்காயலுக்கு 2022-இல் ஒரு சட்டத்தின் வழி மனிதருக்குப் போன்ற சட்ட ஆளுமை வழங்கப்பட்டது.

மர்ஹால், காயலைச் சுற்றியும் கடற்கரைக்குச் சற்று உள்ளேயும் கிடக்கும், ஊற்றுநீர் ஊறும் நாணல் நிலம். வலென்சியப் பகுதியில் அதில் பெரும்பங்கு நெல்வயலாகியிருக்கிறது. எஸ்தேரோ மீண்டும் இலத்தீன். கொதிப்பையும் பொங்குதலையும் குறித்த ‘ஐஸ்துஸ்’ என்ற சொல்லை ரோமானியர் கடலின் ஓதத்துக்கும் வழங்கினர். ஓதம் புகும் இடம் ‘ஐஸ்துவாரியும்’. அதன் வாய்வழித் தேய்வு எஸ்தேரோ, ஏட்டுவழி வடிவம் எஸ்துவாரியோ. மரிஸ்மா, மரீத்திமா போலவே இன்னோர் இரட்டை. காதிஸ் விரிகுடாவில் உப்பளங்களுக்கு ஓதநீரைத் தேக்கிவைக்கும் குளங்களை எஸ்தேரோ என்கிறார்கள். அவற்றில் நீரோடு நுழைந்த மீன்குஞ்சுகள் வளர்ந்து பெருகும்போது மடையைத் திறந்து வற்றவைத்துப் பிடிப்பது அப்பகுதி வழக்கம். இந்நான்கிலும் சேராத ‘சலதார்’ என்ற சொல்லும் உண்டு. அது உப்பு பூத்துப் பயிர் ஏறாத நிலம்; மழை குறைந்த தென்கிழக்கில், அலிகாந்தே, முர்சியா பக்கம் மிகுதி. நம் ‘களர்’ அதற்கு மிக அணுக்கமான சொல்.

கடல் கடந்த மரிஸ்மா மேலும் உருமாறியது. மெக்சிகோவின் பசிபிக் கரையில், நயாரித், சினலோவா மாநிலங்களில் ‘மரிஸ்மாஸ் நாசியோனாலெஸ்’ என்ற பரந்த ஈரநிலம் இருக்கிறது. ஸ்பெயினில் மரிஸ்மா என்றால் மரமே இல்லாத வெட்டவெளி. அங்கேயோ அதே பெயருக்குள் அடர்ந்த அலையாத்திக் காடு நிற்கிறது. வெப்பமண்டலக் கரையில் உவர்ச் சேற்றை உமரிக்கு விட்டுவைக்காமல் அலையாத்தி பிடித்துக்கொள்வதால், பெயர் அதன்மேல் படர்ந்துவிட்டது. எஸ்தேரோவும் இப்படியே இடத்துக்கு இடம் மாறியது: சிலியில் அது ஓடை, அர்ஜென்டினாவில் உள்நாட்டுச் சதுப்பு, மணிலாவில் நகருக்குள் ஓடும் கால்வாய்.

நிலத்தின்மேல் மனிதர் வைத்த மதிப்பும் மாறியது. அதைச் சட்டங்களின் வழியே பார்க்கலாம். மரிஸ்மா என்றால் நெடுங்காலம் காய்ச்சல் பிறக்கும் இடம். குவாதல்கிவிர் கரையிலும் இத்தாலியின் மரெம்மாவிலும் மலேரியா ஊரையே முடக்கியது. (அந்நோய்க்கு ஸ்பானியத்தில் வழங்கும் ‘பலுதிஸ்மோ’ என்ற பெயரே சதுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.) ஆகவே 1918 ஜூலை 24 அன்று ஸ்பெயினில் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்த அமைச்சரின் பெயரால் கம்போ சட்டம் எனப்பட்ட அது, ஏரிகளையும் மரிஸ்மாக்களையும் சேற்று நிலங்களையும் வற்றவைத்துச் சீர்படுத்துவோருக்கு உதவியளித்து, அந்நிலத்தின் உரிமையையும் தந்தது. அன்று மரிஸ்மா என்ற சொல் சட்டத்தில் நோய்ப்பட்டியல் போல இடம்பெற்றது. 1964-இல் ஸ்பெயின் மலேரியா நீங்கிய நாடென்று அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டில் தொன்யானா தேசியப் பூங்கா ஆயிற்று. 1988-இன் கடற்கரைச் சட்டத்தில் அதே சொல், எவரும் தமதாக்கிக்கொள்ள முடியாத பொதுச்சொத்தின் பட்டியலில் முதலாவதாக நின்றது. 2013-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, மனிதர் வேலை செய்து கட்டுப்பாட்டோடு நீர் பாய்ச்சி மூழ்கவைத்த நிலம், அதற்கு முன் பொதுச்சொத்தாக இருந்திராவிட்டால், இனியும் பொதுச்சொத்தாகாது என்று ஒரு விலக்குச் சேர்க்கப்பட்டது.

அந்த 3-ஆம் பிரிவை இப்போது தமிழில் எழுத வேண்டுமென்றால், நான்கு இடத்திலும் ‘சதுப்பு நிலம்’ என்று எழுதமாட்டேன். அல்புஃபெராவுக்குக் காயல் பொருந்தும். எஸ்தேரோவுக்குச் சட்டத்தின் சூழலில் கழி போதும். மர்ஹாலுக்குப் பழைய இலக்கியத்தின் ‘பழனம்’ நினைவுக்கு வருகிறது. நீர் ஊறி, நாணலும் நெல்லும் ஒருங்கே நிற்கும் நிலம் என்ற பொருள் அதில் இருக்கிறது, ஆனால் சட்ட நூலில் அதைப் போட்டால் அடிக்குறிப்பும் எழுத வேண்டியிருக்கும். மரிஸ்மாவுக்கு ‘உவர்ச் சதுப்பு’ என்று எழுதிவிடலாம். சட்டம் பேசுவது கடல்நீர் ஏறும் நிலத்தைப் பற்றி என்பதால் அங்கே அது பிழையாகாது. தொன்யானாவைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘மரிஸ்மா’ என்றே விட்டுவிட்டு, மழைநீரால் நிறையும் நிலம் அது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்.